தசையழகும் தண்ணீர்க் குளிசையும்

ஆணழகன் போட்டி ஒன்றை நேரிலே கண்டவர்கள் ஒரு காட்சியை எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். மேடைக்கு வந்து நிற்கும் இளைஞனின் உடலிலே கொழுப்பு என்பது மருந்துக்கும் இல்லை. தோல் காகிதம்போல் மெலிந்து தசையோடு ஒட்டிக் கிடக்கிறது. தோளிலும் புயத்திலும் நரம்புகள் கயிறு கயிறாய்ப் புடைத்து நிற்கின்றன. வயிற்றுத் தசைகளை இருந்த இடத்திலிருந்தே ஒவ்வொன்றாய் எண்ணிவிடலாம். பூசிய எண்ணெய் விளக்கொளியில் மின்ன, கருங்கல்லிலே செதுக்கிய சிலையோ என்று ஐயுறத் தோன்றும். சபையோர் கைதட்டி ஆரவாரிக்கிறார்கள். ஆனால் அச்சிலையின் உதடுகளைச் சற்று உற்று நோக்கினால், அவை வெடித்துக் காய்ந்திருப்பதைக் காணலாம். சில வேளைகளில், புன்னகை மாறாமல் நிற்கும் அவ்விளைஞனின் கெண்டைக்கால் தசை தன்பாட்டில் துடித்துக்கொண்டிருப்பதையும் காணலாம். கைதட்டுவோர் கண்ணுக்கு அது படுவதில்லை.

தேகப் பயிற்சியைக் குறை கூறுவது நமது நோக்கமன்று. மட்டக்களப்பு உடல் வலிமையைப் போற்றும் ஊர். அமெரிக்காவிலிருந்து வந்து புனித மிக்கேல் கல்லூரி மாணவர்களுக்கு ஓட்டமும் கூடைப்பந்தும் பழக்கிய இயேசுசபைத் துறவி வெபர் அடிகளாரின் பெயராலேயே நமது மைதானம் இன்றும் வழங்குகிறது. பாரம் தூக்கிப் பழகும் இளைஞன் அதிகாலையில் எழுகிறான், நேரத்துக்கு உண்கிறான், புகையும் மதுவும் தீண்டாதிருக்கிறான். இவையெல்லாம் பெற்றோர் மகிழத்தக்கவை. நமது கவலையெல்லாம் போட்டிக்கு முந்திய கடைசி ஏழு நாட்களைப் பற்றியது. அதிலும் குறிப்பாக, அவ்வேழு நாட்களில் சிலர் கையிலே வந்து சேரும் ஒரு சிறு குளிசையைப் பற்றியது.

கல்லடியிலோ, ஆரையம்பதியிலோ, களுவாஞ்சிக்குடியிலோ இருபத்திரண்டு வயதுத் தம்பி ஒருவனை மனத்திலே எண்ணிக்கொள்வோம். மூன்று மாதமாக அவன் தட்டிலே கோழியின் நெஞ்சிறைச்சியும் முட்டையின் வெள்ளைக்கருவும் அவித்த வற்றாளைக் கிழங்குமே. கடைசி வாரம் வந்ததும் உப்பை அறவே விலக்குகிறான். முதலில் ஒரு நாளைக்கு ஏழெட்டு லீற்றர் என்று குடம் குடமாய்த் தண்ணீர் குடிக்கிறான். பின்பு அதனைச் சட்டென்று குறைத்து, போட்டிக்கு முந்திய நாள் நாக்கை நனைப்பதோடு நிறுத்திக்கொள்கிறான். “மகன், ஒரு வாய்த் தண்ணியாவது குடிங்க” என்று தாய் கெஞ்சுகிறாள். அவன் தலையை ஆட்டிவிட்டுப் போர்வையைப் போர்த்திக்கொண்டு வெயிலிலே போய் உட்காருகிறான். வெளியே கச்சான் காற்று அனலாய் வீசிக்கொண்டிருக்கிறது. அவ்வளவும் போதாதென்று அவனுக்கு மூத்த ஒருவர், முன்னொரு போட்டியிலே கிண்ணம் வாங்கியவர், காதோடு காதாகச் சொல்கிறார்: “தோலுக்கும் தசைக்கும் நடுவில் இன்னும் கொஞ்சம் நீர் நிற்குது. நீர் போகிற குளிசை ஒன்றைப் போட்டால் விடியுமுன் இறங்கிவிடும்.”

குளிசைக்கு அவன் அதிக தூரம் அலையவேண்டியதில்லை. அம்மம்மாவுக்கு இருதய வருத்தம். கிளினிக்கிலே மாதாமாதம் கொடுக்கும் கடதாசி உறைகள் அலுமாரித் தட்டிலேயே இருக்கின்றன. அவற்றுள் ஒன்று, கால் வீங்காமலிருக்கக் காலையிலே அவர் விழுங்கும் குளிசை.

அக்குளிசையின் வரலாறு நெடியதன்று. முற்காலத்தில் நீர்க்கோவை கண்டவர்களுக்கு நெருஞ்சிற் குடிநீரும் வாழைத்தண்டுச் சாறும் கொடுத்தார்கள். மேனாட்டு வைத்தியர்கள் இரசம் கலந்த ஊசிகளைப் போட்டார்கள். அவை வியாதியைப்போலவே நோயாளியையும் வாட்டின. வீட்டிலேயே விழுங்கத்தக்க வலுவான குளிசைகள் 1950களின் பிற்பகுதியிலேதான் கைக்கு வந்தன. குளோரோதயசைட் என்பது முதலில் வந்தது. அதனைவிட மிக வேகமான பியூரோசமைட் 1960களில் தொடர்ந்தது. லாசிக்ஸ் என்ற விற்பனைப் பெயரைப் பலர் கேட்டிருப்பார்கள். விழுங்கி ஒரு மணி நேரத்துள் வேலையைத் தொடங்கி ஏறத்தாழ ஆறு மணி நேரம் வேலை செய்யும் மருந்து அது. இருதயம் தளர்ந்து, நுரையீரலிலே நீர் கோத்து, இரவிலே படுக்கவும் முடியாமல் மூச்சுத் திணறும் ஒரு முதியவரை அது ஒரே இரவிலே நிம்மதியாக உறங்கவைக்கும். இம்மருந்தைக் கண்டுபிடித்தவர்களைக் கைகூப்பி வணங்கலாம். ஆனால் அது நீர் மிகுந்த உடலுக்கு வந்த மருந்து என்பதை மறந்துவிடக் கூடாது.

இனி அது செய்யும் வேலை யாது என்று பார்ப்போம். நமது இரண்டு சிறுநீரகங்களும் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 180 லீற்றர் திரவத்தை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. வடித்ததை அப்படியே வெளியே விட்டால் மனிதன் அரை நாளும் பிழைக்கமாட்டான். ஆகவே நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கை நுண்ணிய குழாய்களின் வழியே திரும்ப இரத்தத்துக்குள் இழுத்துக்கொண்டு, மீதி ஒன்றரை லீற்றர் அளவையே சிறுநீராகப் போகவிடுகின்றன. திரும்ப இழுக்கும் சூத்திரம் உப்பிலே இருக்கிறது: உப்பை இழுத்தால் அதன் பின்னே தண்ணீர் தானாக வரும். பியூரோசமைட் குழாயின் ஒரு வளைவிலே போய் அமர்ந்து உப்பை இழுக்கும் வாசலை அடைத்துவிடுகிறது. உப்பு திரும்புவதில்லை, அதனோடு தண்ணீரும் திரும்புவதில்லை, பொற்றாசியம், மக்னீசியம் முதலிய தாதுக்களும் கூடவே அடித்துச் செல்லப்படுகின்றன.

மட்டக்களப்பு வாசகருக்கு இதை விளக்க உவமை தேடி நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. பாலமீன்மடுவிலே வாவி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை எண்ணிக்கொள்ளுங்கள். கோடையிலே மணல் மேடிட்டு அதனை அடைத்துவிடுகிறது. மாரியிலே படுவான்கரை வயல்களின் வெள்ளம் முழுவதும் வாவிக்குள் இறங்க, நீர்மட்டம் ஏறுகிறது. முகத்துவாரத்தை வெட்டிவிடுவதா, எந்நாளில் வெட்டுவது, எவ்வளவு வெட்டுவது என்று ஆலோசனை நடக்கிறது. வயற்காரர் ஒரு நியாயம் சொல்வர்; மீன்பிடிப்போர் வேறொரு நியாயம் சொல்வர். தாமதித்தால் பயிர் அழுகும். காலமல்லாத காலத்தில் வெட்டினால் வாவி வடிந்து, கடலின் உவர் உள்ளே ஏறி, மீனும் இறாலும் நிலைகுலையும். இனி, தன் வீட்டு முற்றத்திலே சற்று ஈரம் நிற்கிறது என்பதற்காக ஒருவன் மண்வெட்டியோடு போய் இரவோடிரவாக முகத்துவாரத்தை வெட்டிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். வடிவது அவன் முற்றத்து ஈரமா? ஐம்பத்தாறு கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவி முழுவதுமன்றோ வடியும்!

குளிசை போட்ட தம்பியின் கதை இதுவேதான். தோலின் கீழே உள்ள நீரைமட்டும் தேடிப் பிடித்து வெளியேற்றும் மருந்து உலகிலே கிடையாது. எழுபது கிலோ நிறையுள்ள ஓர் ஆணின் உடலிலே ஏறத்தாழ 42 லீற்றர் நீர் உண்டு. அதில் மூன்றில் இரண்டு பங்கு உயிரணுக்களுக்கு உள்ளேயும், ஒரு பங்கு வெளியேயும் இருக்கிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதியாகிய பிளாஸ்மாவோ மூன்று லீற்றர் மாத்திரமே. குளிசை முதலில் கைவைப்பது அந்த மூன்று லீற்றரிலேதான். அது குறையக் குறைய இரத்தம் தடிக்கிறது, அழுத்தம் வீழ்கிறது, எழுந்து நின்றால் கண் இருள்கிறது, இருதயம் ஈடுகொடுக்க விரைந்து துடிக்கிறது. தசையை வளர்க்கும் ஹோமோன் ஊசிகளையும் முன்பே போட்டுக்கொண்டவனாயின் நிலைமை இன்னும் மோசம். அவ்வூசிகள் இரத்தத்திலே சிவப்பணுக்களைப் பெருக்கி அதனை ஏற்கெனவே தடிக்கவைத்திருக்கும்.

இதைக்காட்டிலும் பெரிய ஆபத்து பொற்றாசியத்திலே இருக்கிறது. உடலிலுள்ள பொற்றாசியத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு உயிரணுக்களுக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது. வெளியே, இரத்த நீரில், லீற்றருக்கு 3.5 முதல் 5.0 மில்லிமோல் என்ற குறுகிய எல்லைக்குள் அது நிற்கவேண்டும். மூன்று லீற்றர் பிளாஸ்மாவிலும் உள்ளதையெல்லாம் திரட்டி நிறுத்தால் ஏறத்தாழ அரைக் கிராம் தேறும். ஒரு குவளை இளநீரிலே உள்ள அளவும் ஏறக்குறைய அதுதான். இருதயத்தின் ஒவ்வொரு துடிப்பும், உயிரணுச் சுவரின் இருபுறமும் உள்ள பொற்றாசிய வித்தியாசத்தை நம்பியே நடைபெறுகிறது. அந்த அரைக் கிராமைச் சுற்றியே ஒரு மனிதனின் உயிர் கட்டப்பட்டிருக்கிறது என்றால் மிகையாகாது. அது மிகக் குறைந்தாலும் துடிப்பு தாளம் தப்பும். மிகக் கூடினாலும் தாளம் தப்பி, முடிவில் நின்றுவிடும்.

இவ்விடத்திலேதான் அரைகுறை அறிவு செய்யும் தீங்கைக் காண்கிறோம். பொற்றாசியம் போகிறது என்று எங்கோ கேள்விப்பட்டவன், அதை ஈடுசெய்யப் பொற்றாசியக் குளிசைகளை விழுங்குகிறான். ஆனால் நீர்க் குளிசைகள் எல்லாம் ஒரே இனத்தன அல்ல. பியூரோசமைட், தயசைட் ஆகியவை பொற்றாசியத்தைக் கழித்துவிடுவன. ஸ்பைரோனோலக்ரோன், அமிலோறைட் ஆகியவை அதற்கு நேர்மாறாகப் பொற்றாசியத்தைப் பிடித்துவைப்பன. பின்னைய இனத்தைப் போட்டுக்கொண்டு, அதன்மேல் பொற்றாசியமும் எடுத்தால் அது ஏறிக்கொண்டே போகும். பொற்றாசியம் கலந்த மாற்று உப்பும், ஏன், இளநீரும் வாழைப்பழமுமேகூட அந்நிலையில் சுமையாகிவிடும். இரண்டு இனத்தையும் கலந்து போடுவோரும் உண்டு. அவர்களின் இரத்தத்திலே பொற்றாசியம் கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்பதைச் சோதனைச்சாலையில் பார்த்தாலன்றி அனுபவமுள்ள வைத்தியராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. கண்ணாடியில் தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டு நிற்கும் இளைஞன் எவ்வாறு சொல்வான்?

இன்னும் ஒன்று. நாட்கணக்கில் மாச்சத்தை விலக்கியிருந்தவன், தசை பூரிக்கவேண்டும் என்பதற்காகப் போட்டிக்கு முதல்நாள் சோறும் தேனும் ஜாமுமாக அள்ளி உண்கிறான். உடனே இன்சுலின் சுரந்து, மாச்சத்தை உயிரணுக்களுக்குள் தள்ளும்போது இரத்தத்திலிருக்கும் பொற்றாசியத்தையும் சேர்த்து உள்ளே தள்ளுகிறது. குளிசையால் ஏற்கெனவே வடிந்து போயிருந்த இருப்பு இன்னும் ஒரு படி இறங்குகிறது. மேடை ஏறுவதற்குச் சற்று முன்னரும், இறங்கிய முதல் சில மணி நேரத்திலும் இவர்களிற் சிலர் சுருண்டு விழுவதற்கு இத்தகைய மாற்றங்களே காரணமாகின்றன.

இவையெல்லாம் வைத்திய நூலிலுள்ள வெறும் எச்சரிக்கைகள் என்று எண்ணிவிடவேண்டாம். அல்ஜீரியாவிலே பிறந்து பிரான்சிலே வாழ்ந்த முகமது பெனாசிசா என்பவரை உடற்கட்டு உலகம் ‘இராட்சதரை வீழ்த்துபவன்’ என்று கொண்டாடியது. உயரத்திற் குறுகியவர், ஆனால் தம்மைவிட எவ்வளவோ பெரியவர்களை மேடையிலே வென்றவர். 1992ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் நெதர்லாந்திலே நடைபெற்ற போட்டியிலும் முதலிடம் அவருக்கே. கிண்ணம் கைக்கு வந்து சில மணி நேரத்துள் அவர் இருதயம் நின்றது. அப்பொழுது அவருக்கு வயது 33. நீர்க் குளிசைகளும் நீர் வற்றியதுமே அதற்குக் காரணம் என்று அன்று முதல் அத்துறையினர் கூறிவருகின்றனர்.

1994இல் அமெரிக்காவிலே நடந்த ஆர்னல்ட் கிளாசிக் போட்டியில் கனடாவின் போல் டிலெட் மேடையிலேயே விறைத்துப் போனார். பிடித்த நிலையை விட்டு அசையமுடியாமல் நின்ற அவரை, ஒரு சிலையைத் தூக்குவதுபோலத் தூக்கிச் சென்றார்கள். அவர் பிழைத்துக்கொண்டார். 1996 மார்ச்சில் ஒஸ்திரியாவின் அன்ட்ரியஸ் மன்சர் பிழைக்கவில்லை. வயிற்றினுள்ளே இரத்தம் கசிய மியூனிக் நகர வைத்தியசாலையிலே சேர்க்கப்பட்டார். ஈரலும் சிறுநீரகங்களும் செயலிழந்தன. 31 வயதில் மாண்டார். அவர் உட்கொண்ட பலவகை மருந்துகளுள் நீர்க் குளிசையும் ஒன்று என்று அப்போதைய பத்திரிகைகள் எழுதின. ஒன்றுதான் காரணம் என்று விரல் நீட்டிச் சொல்ல முடியாது. எல்லாம் சேர்ந்தே அவரைக் கொண்டுபோயின.

அதே 1996இல், உலகத்திலேயே பெரிதெனப்படும் ஒலிம்பியா போட்டியிலே நீர்க் குளிசைக்கான சோதனை நடைபெற்றது. மூன்றாமிடம் பெற்ற நாசர் எல் சொன்பாட்டி அதிலே அகப்பட்டுத் தம் இடத்தை இழந்தார். அவர் பின்னும் பல போட்டிகளிலே தோன்றினார். 2013இல் கெய்ரோ நகரிலே 47 வயதில் காலமானார்.

பாரம் தூக்குவோரிடையே இதே குளிசை வேறொரு காரணத்துக்காகப் புகுந்தது. நிறைப் பிரிவு ஒன்றினுள் தம்மை அடக்கிக்கொள்ளவும், வேறு மருந்துகளின் சுவட்டைச் சிறுநீரிலே கலைத்துவிடவும் அதனை விழுங்கினார்கள். 1988ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக்கிலே பல்கேரியாவின் மிட்கோ கிராப்லெவ், ஏஞ்சல் கென்செவ் ஆகிய இருவரும் வென்ற தங்கப் பதக்கங்கள் பியூரோசமைட் கண்டுபிடிக்கப்பட்டதால் பறிபோயின. இன்று எந்த விளையாட்டிலும் நீர்க் குளிசை தடைசெய்யப்பட்ட பொருளே. நமது நாட்டிலும் 2013ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் ஊக்கமருந்துத் தடுப்பு முகவர் நிலையம் இயங்குகிறது. ஆனால் ஊருக்கு ஊர் நடக்கும் சிறு போட்டிகளுக்கெல்லாம் சோதனை செய்வோர் வந்துகொண்டிருக்க முடியாது. அங்கே காவல் நிற்கவேண்டியவர்கள் வீட்டாரே.

வீட்டார் என்றதும் கிறிக்கெற் இரசிகர்கள் நன்கறிந்த ஒரு சம்பவம் நினைவுக்கு வருகிறது. 2003ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டிக்காகத் தென்னாபிரிக்கா சென்றிருந்த ஷேன் வோர்ன், தம் அணி முதற் பந்தை வீசுவதற்கு முன்னரே அவுஸ்திரேலியாவுக்குத் திருப்பியனுப்பப்பட்டார். அவரது சிறுநீரிலே நீர்க் குளிசை இருந்தது. தொலைக்காட்சியில் மெலிந்து தோன்றும்பொருட்டு அம்மா கொடுத்த குளிசை அது என்று அவர் கூறினார். பன்னிரண்டு மாதத் தடை விதிக்கப்பட்டது. தடை முடிந்து அவர் ஆடிய முதலாவது டெஸ்ட் 2004 மார்ச்சில் நமது காலி மைதானத்திலே நடந்தது. அங்கேதான் தமது ஐந்நூறாவது விக்கெற்றையும் வீழ்த்தினார். உலகப் புகழ் பெற்ற ஒருவருக்கே தாயின் மருந்துப் பெட்டியிலிருந்து வந்த ஒரு குளிசை இத்தனை கேட்டை விளைத்ததென்றால், அலுமாரித் தட்டிலே கிடக்கும் அம்மம்மாவின் கடதாசி உறையை நாம் எவ்வளவு சாதாரணமாக நினைத்திருக்கிறோம்!

சரி, இத்தனை ஆபத்துக்கும் ஈடாக மேடையிலே கிடைக்கும் பலன்தான் என்ன? அங்கேயும் ஏமாற்றமே. தசையின் பெரும்பகுதி நீர். நூற்றுக்கு எழுபத்தைந்து வரை நீரே. தசையிலே சேமிக்கப்படும் கிளைக்கொஜன் என்னும் மாச்சத்து, ஒவ்வொரு கிராமுக்கும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைக் கூடவே பிடித்து வைத்திருக்கிறது. மேடையிலே தசை உருண்டு திரண்டு நிற்பது அந்நீரால்தான். நரம்பு புடைத்து நிற்பதோ அதற்குள் ஓடும் இரத்தத்தால். குளிசை இரண்டையும் வற்றச் செய்கிறது. ஆகவே முந்தின வாரம் பயிற்சிச்சாலையிலே முழுமையாய்த் தோன்றிய தசை, போட்டியன்று காற்றுப்போன பந்துபோல் தட்டையாகிவிட்டதென்று பலர் வருந்துகின்றனர். தோல் தசையோடு ஒட்டித் தோன்றுவதற்கு வேண்டியது கொழுப்புக் குறைவு. கொழுப்போ மாதக்கணக்கான உணவாலும் உழைப்பாலும் குறைவது. ஓர் இரவுக் குளிசையால் குறைவதன்று.

போட்டி முடிந்த பின் நடப்பதையும் சொல்லிவிடவேண்டும். நீர் பறிபோன உடல் அதனை ஒரு பஞ்சமாகவே எடுத்துக்கொள்கிறது. உப்பையும் நீரையும் இறுகப் பிடிக்கும் ஹோமோன்கள் பெருகிச் சுரக்கின்றன. அடுத்த நாள் வழக்கம்போல உண்டு குடிக்கத் தொடங்கியதும் வந்ததெல்லாம் தங்கிவிடுகிறது, கணுக்கால் வீங்குகிறது, முகம் ஊதுகிறது. நேற்றுச் சிலையாய் நின்றவன் இன்று தன் முகத்தைத் தானே பார்க்க வெட்கப்படுகிறான். வீக்கம் வடியவேண்டும் என்று மறுபடியும் அதே குளிசையைத் தேடுகிறான். இவ்வாறு ஒரு நாட் பழக்கம் பல நாட் பழக்கமாவதும் உண்டு. இவற்றோடு தசைவலிக்கென்று வலி நிவாரணிகளையும் விழுங்குவோரின் சிறுநீரகங்கள் படும் பாட்டைச் சொல்லவேண்டியதில்லை. வடமத்திய மாகாணத்துக் கமக்காரர் குடும்பங்களைச் சிறுநீரக நோய் எவ்வாறு அலைக்கழித்தது என்று 1990கள் தொடக்கம் கண்டுவரும் நாடு இது. அந்நோயின் காரணங்கள் வேறு. ஆனால் வாரத்துக்கு இரண்டு மூன்று முறை இயந்திரத்தோடு பிணைத்து இரத்தத்தைச் சுத்திகரிக்கும் வாழ்வு எத்தகையது என்பதை நம்மிற் பலர் உறவினர் வாயிலாக அறிவோம்.

ஒரு பழைய மனிதரைப் பற்றியும் இங்கே குறிப்பிட மனம் விரும்புகிறது. வங்காளத்தின் மனோகர் ஐச் நாலடி பதினோரங்குல உயரமே உள்ளவர். பிரிட்டிஷ் ஆட்சியிலே சிறையில் இருந்தபோதும் பயிற்சியைக் கைவிடாத அவர், 1952இல் லண்டனிலே தமது பிரிவில் ‘மிஸ்டர் யூனிவேர்ஸ்’ பட்டம் வென்றார். அவர் மேடையேறிய காலத்திலே பியூரோசமைட் பிறந்திருக்கவில்லை; குளோரோதயசைட்டும் பிறந்திருக்கவில்லை. நூறு வயதைக் கடந்து வாழ்ந்து 2016இல் கல்கத்தாவில் காலமானார். குளிசை இல்லாமையால்தான் நூறாண்டு வாழ்ந்தார் என்று வாதிட நான் வரவில்லை; அது நியாயமான வாதமுமன்று. குளிசை இல்லாமலே பட்டம் வெல்ல முடிந்தது என்பதற்கு அவர் படங்கள் சாட்சியாக இருக்கின்றன, அவ்வளவே.

இனி, வீட்டிலே போட்டிக்கு ஆயத்தமாகும் பிள்ளை ஒருவன் இருந்தால் பெற்றோர் கவனிக்கவேண்டியவை சில உள. முதியவர்களின் குளிசைகளை எண்ணிப் பூட்டிவைப்பதிலே வெட்கம் ஒன்றுமில்லை. அம்மம்மாவுக்கு மாத முடிவுக்கு முன்னரே குளிசை தீர்ந்துபோகிறதா என்று பாருங்கள். அவருடைய கால் வீக்கமும் அப்பொழுது கூடியிருக்கும். ஒரே களவு இரண்டு உயிரை வாட்டும். பிள்ளையை வைது வாயடைக்கச் செய்வதில் பயனில்லை. “பயிற்சி தருபவர் என்ன சொல்லித் தந்தார்?” என்று அருகிருந்து கேட்டால் அவனே சொல்லக்கூடும். நீர்க் குளிசைகள் வைத்தியரின் துண்டு இன்றி விற்கப்படக் கூடாதவை என்பதையும் அவன் அறிந்திருக்கட்டும்.

அடையாளங்கள் மறைந்திருப்பதில்லை. எழுந்தவுடன் தலை சுற்றுதல், கெண்டைக்காலிலும் வயிற்றிலும் அடிக்கடி தசை பிடித்தல், விரல்கள் மரத்துப்போதல், நெஞ்சு படபடவென அடித்து இடையிடையே ஒரு துடிப்பு விட்டுப்போவதுபோல் தோன்றல், கைகால் சோர்ந்து தளர்தல், பேச்சுத் தடுமாறல், பல மணி நேரமாகச் சிறுநீர் பிரியாமை — இவற்றுள் எதைக் கண்டாலும் போட்டியை அன்றே மறந்துவிடவேண்டும். மயங்கி விழுந்தவனுக்கு வாயிலே எதையும் ஊற்றலாகாது. நினைவோடு இருப்பவனுக்குத் தண்ணீர் கொடுக்கலாம். வயிற்றோட்டத்துக்கு உதவும் என்று நாம் அறிந்த ஜீவனியையும் இளநீரையும் இங்கே அவசரப்பட்டுக் கொடுக்கவேண்டாம். இரண்டிலும் பொற்றாசியம் உண்டு, இவன் இரத்தத்தில் அது எந்நிலையில் இருக்கிறதென்று நமக்குத் தெரியாது. படுக்கவைத்துக் கால்களைச் சற்று உயர்த்திவிட்டு 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வண்டி வரும், கட்டணம் கிடையாது.

வைத்தியசாலையிலே இருதயத் துடிப்பின் படத்தையும் இரத்தத்தின் பொற்றாசிய அளவையும் பார்க்க அதிக நேரம் செல்லாது. ஆனால் இருபத்திரண்டு வயதுக் கட்டுமஸ்தான இளைஞன் ஒருவன் நீர்க் குளிசை போட்டிருப்பான் என்ற எண்ணம் பார்ப்பவருக்கு உடனே வரவேண்டுமென்பதில்லை. பிள்ளையும் வெட்கத்தால் வாய் திறக்கமாட்டான். கூடவந்த நண்பனும் பயிற்றுநரின் பெயர் கெடும் என்று மௌனமாய் நிற்பான். ஆகவே புறப்படும்போதே அவன் பையையும் மேசை இலாச்சியையும் பாருங்கள். அங்கே கிடைக்கும் வெறும் குளிசைக் ‘காட்’, கடதாசி உறை, மருந்துக் குப்பி எதுவானாலும் எடுத்துக்கொண்டு, அம்மம்மாவின் கிளினிக் கொப்பியையும் கையோடு கொண்டுபோங்கள். குளிசையின் பெயரும் மில்லிகிராம் அளவும் அவற்றிலே இருக்கும். டொக்டர் முதலிற் கேட்பதும் அதைத்தான்.